போராளியும் தூங்க வேண்டும்

இரங்கல் கூட்டங்களில் தவறாமல் காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு. "தன் உடம்பைக்கூடப் பார்க்காம உழைச்சாரு." மதுரையில் கடந்த பதினைந்து ஆண்டுகளாகச் சூழல் சார்ந்த கூட்டங்கள், நினைவேந்தல்கள், படத்திறப்புகள் என்று எத்தனையோ போய் வந்திருக்கிறேன். இந்த வாக்கியம் வராத கூட்டமே இல்லை. சொல்பவருக்குக் குரல் தழுதழுக்கும். கேட்கும் நாங்கள் தலையாட்டுவோம். ஒருவர்கூட எழுந்து, "ஏன் தோழர், பார்த்திருக்கலாமே? நாம அவரைப் பார்க்க விட்டோமா?" என்று கேட்டதில்லை. புகழுரை என்று நினைத்து நாம் சொல்வது உண்மையில் ஒரு குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதே கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகே பிச்சினிக்காட்டில் இறந்தார். மீத்தேன் திட்டத்துக்கு எதிராகக் காவிரிப் படுகை ஊர்களில் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வயது 75. கங்கைக்காக 111 நாள் உண்ணாமல் இருந்த ஜி.டி. அகர்வால் 2018 அக்டோபர் 11 அன்று ரிஷிகேஷில் உயிர்விட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். இவர்கள் எடுத்த முடிவுகளை அளந்து பார்க்கும் தகுதி எனக்கில்லை. நான் கேட்பது நம்மை. இவர்களிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டோம்? நிலத்தை வெயிலில் காயவிடாதே, மூடாக்குப் போடு, மண்ணை ஆறவிடு என்று ஊர் ஊராகச் சொன்னவர் நம்மாழ்வார். மண்ணுக்கு மூடாக்குப் போட நாம் கற்றுக்கொண்டோம். மனுஷனுக்குப் போடக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கையை விட்டுவிட்டு அவர் சாவை முன்மாதிரி ஆக்கிவிட்டோம்.

இதை இப்போது எழுதக் காரணம் டங்ஸ்டன். தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதைதான் என்றாலும் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பேய்மழை. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தச் சேற்றை வழித்து முடிக்கவில்லை, நவம்பர் 7 அன்று மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போன செய்தி வந்தது. 2,015 ஹெக்டேருக்கும் மேல். அரிட்டாபட்டி, அ. வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி எல்லாம் அந்த வரைபடத்துக்குள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில்தான் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, சமணர் படுக்கை, தமிழி எழுத்து. அதைத் தோண்ட ஏலம்.

நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம். டிசம்பர் 9 சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை மக்கள் வெள்ளம். அதற்காக 11,000-க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று ஒன்றிய அரசு அறிவித்தது. நவம்பர் 7-லிருந்து எண்ணினால் 77 நாட்கள்.

இந்த 77 நாட்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுபத்தெட்டாவது நாளைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. வரைபடம், சர்வே எண், தகவல் உரிமைச் சட்ட மனு, எல்லாமே அவன் லேப்டாப்பில்தான் இருந்தது. பதினான்கு வாட்ஸப் குழுக்களுக்கு அட்மின். வெடி வெடித்துக் கொண்டாடிய அன்று சிரித்துக்கொண்டுதான் நின்றான். மார்ச் மாதம் போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் போனால், "எல்லாம் ஒண்ணுதாண்ணே. இன்னைக்கு டங்ஸ்டன், நாளைக்கு வேற ஏதாச்சும் வரும். நம்ம கத்திக்கிட்டேதான் இருக்கணும். நான் வரல" என்றான். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். போன் அதிர்ந்தால் கை நடுங்குகிறதாம். இன்னொரு அக்கா, இரண்டரை மாதம் சர்க்கரை மாத்திரையை முறையாகப் போடாமல் கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு அலைகிறார். "அப்ப மாத்திரை ஞாபகமே இல்ல தம்பி" என்று பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமைதான் எனக்குப் பயமாக இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் மேடையில் நின்ற நாம்தான்.

ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். 1974-ல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இதைப் பார்த்தது கம்பெனி அதிகாரிகளிடம் இல்லை. காசில்லாதவர்களுக்கான இலவச மருத்துவமனையில் சம்பளமில்லாமல் உழைத்த தன்னார்வலர்களிடம் பார்த்தார், தன்னிடமும் பார்த்தார். பகலெல்லாம் சொந்தத் தொழில், இரவில் அந்த மருத்துவமனை என்று ஓடியவர் அவர். அவருக்குப் பின் வந்த கிறிஸ்டினா மாஸ்லாக் இதில் மூன்று கூறுகளைக் கண்டார். உடம்பும் மனசும் வற்றிப்போவது, எதன் மேலும் பிடிப்பில்லாத எகத்தாளம், நாம் செய்து ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். மேலே சொன்ன தம்பியின் நான்கு வாக்கியங்களில் மூன்றுமே இருக்கின்றன. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் இதை விளக்கியபோது நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தின் தீராத அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வரும் நிலை என்றது. சம்பளமில்லாத வேலையும் வேலைதான்.

தமிழில் இதை 'எரிந்துபோதல்' என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. எரிந்தால் ஊருக்கே தெரியும், தண்ணீர்க்குடத்தோடு நாலு பேர் ஓடிவருவார்கள். இது அடிப்பிடித்துப்போவது. பானையில் மேலே பார்த்தால் சோறு வெள்ளைவெளேர் என்று இருக்கும். அடியில் தீய்ந்திருக்கும், அந்த வாடை கொஞ்சம் கொஞ்சமாக மொத்தப் பானைக்கும் ஏறும். சோறு அடிப்பிடித்ததற்கு அரிசியைத் திட்டும் வீடு எங்காவது உண்டா? அடுப்பைத் தணிக்காதவரைக் கேட்போம். கிண்டிவிட ஏன் ஆளில்லை என்று கேட்போம். போராட்டத்தில் மட்டும் அரிசியைத் திட்டுகிறோம். "அவனுக்கு உறுதி பத்தல." இதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் அரிசியைத் திட்டுகிறார்கள், கொஞ்சம் இனிப்பாக. 2025-ல் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டலின் ஏ.சி. அறையில் சூழல் செயற்பாட்டாளர்களுக்கான மனநலப் பயிலரங்கு நடந்தது. நடத்திய அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். நான்கு எண்ணி மூச்சை இழு, நான்கு எண்ணி நிறுத்து. தினமும் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை டைரியில் எழுது. வேண்டாம் என்று சொல்லப் பழகு. நடுவில் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார். "மூச்செல்லாம் நல்லாத்தான் சார் போகுது. நான் இங்க வந்து உக்காந்துட்டேன், மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" அறை சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அந்தக் கேள்வியில்தான் மொத்தப் பாடத்திட்டமும் இருந்தது. அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு எங்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு நான் எதிரி இல்லை. தூக்கமே வராதவர், செத்துவிடலாம் என்று தோன்றுகிறவர், கண்டிப்பாக மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் சண்டை போடுவது வேறொன்றோடு. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவன் தலையில் கட்டிவிட்டு, அவன் அடிப்பிடித்ததும் "நீ உன்னைப் பார்த்துக்கொள்ளணும்" என்று அவனிடமே சொல்கிற தந்திரத்தோடு. கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் தன்னைக் காப்பதைப் பற்றி 1988-ல் வெளியான நூலில் எழுதியது புற்றுநோயோடு போராடிக்கொண்டே, இனவெறிக்கு எதிரான அரசியலுக்குள் நின்று. அதிலிருந்து ஒரு வரியை மட்டும் பிய்த்து இன்றைக்குச் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்கிறார்கள். நம் பயிலரங்குகளுக்கும் அந்தக் கடைக்கும் தூரம் ரொம்ப இல்லை.

ஆக ஒரு பக்கம் 'போராளிக்கு ஓய்வேது' என்ற வழிபாடு, இன்னொரு பக்கம் 'ஓய்வு உன் தனிப்பட்ட பொறுப்பு' என்ற போதனை. எதிரெதிராகத் தெரியும் இரண்டும் ஒரே இடத்தில் கைகுலுக்குகின்றன. அமைப்பு எதையும் மாற்ற வேண்டாம்.

"எதிரி தூங்குறதில்ல தோழர்." இதுவும் மேடையில் அடிக்கடி வரும். சுத்தப் பொய். எதிரி நன்றாகத் தூங்குகிறான். கம்பெனி தூங்காது, கம்பெனியில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தூங்குவார்கள். ஷிஃப்ட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் கோப்போடு நீதிமன்றத்தில் நிற்பார். நம் பக்கம் அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் வரைபடமே கிடையாது, லேப்டாப் பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். இதைத் தியாகம் என்கிறோம். நிர்வாகக் கோளாறு என்றுதான் நான் சொல்வேன்.

ஷிஃப்ட் என்றால் ஏதோ முதலாளித்துவக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். மேலூர், பெரியாறு பாசனத்தின் கடைப்பகுதி. தண்ணீர் தட்டுப்பாடான வருஷங்களில் அங்கே முறைவைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. கண்மாய்ப் பாசனத்திலும் இன்னார் வயலுக்கு இன்ன ராத்திரி என்று முறை உண்டு. முறை இல்லாத நாளில் விவசாயி படுத்துத் தூங்கலாம், மடையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். தூங்குகிறவனை ஊரில் யாரும் துரோகி என்று சொன்னதில்லை. குறைவாக இருக்கிற ஒன்றை நாள்பட ஓட்டுவதற்கு இந்தச் சமவெளி கண்டுபிடித்த வழி அது. போராட்டத்தில் குறைவாக இருப்பது ஆள்பலம். அதை மட்டும் ஏன் முதல் நாளிலேயே மொத்தமாகத் திறந்துவிடுகிறோம்?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யார், எந்தக் கிழமை, அவர் வராவிட்டால் யார். மூன்றாவது பத்திதான் முக்கியம். பெரும்பாலான போராட்டக் குழுக்களின் நோட்டில் முதல் பத்தி மட்டும்தான் இருக்கும், அதுவும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று. மாற்று ஆள் இல்லாத பொறுப்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது. பாஸ்வேர்டு மூன்று பேரிடமாவது இருக்க வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஊடகத்தோடு பேசக் கூடாது. இது புகழாசையைக் குறைக்கவும் உதவும் என்பது என் சொந்தக் கணக்கு. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

காந்திக்கும் மதுரைக்கும் உள்ள உறவு என்றால் 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி, அரையாடை என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய திங்கட்கிழமைகள் யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஒரு நாள், திங்கள், பேச மாட்டார். வைஸ்ராயே எதிரில் வந்து உட்கார்ந்தாலும் காகிதத் துண்டில் எழுதித்தான் பதில். ஒரு தேசத்தின் விடுதலைப் போராட்டத்தை நடத்தியவருக்கு வாரத்தில் ஒரு நாள் வாயை மூடிக்கொள்ள நேரம் இருந்தது. அதுபோக அன்றாட நடை, ராட்டை, நேரத்துக்குச் சாப்பாடு. நாம் போராட்டம் என்றதும் உண்ணாவிரத காந்தியைக் கூப்பிடுகிறோம், திங்கட்கிழமை காந்தியைக் கூப்பிடுவதில்லை. எனக்குக் காந்தியோடு வேறு பல சண்டைகள் உண்டு, இந்த விஷயத்தில் இல்லை.

அவருடைய சீடர்தான் ஜே.சி. குமரப்பா. இயற்கையை முதலாகவும் வட்டியாகவும் கணக்குப் போட்டுப் பார்த்த பொருளியலாளர். கடைசிக் காலத்தை நம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். சிறையில் எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில் உழைப்பைப் பற்றிப் பேசும்போது, வேலையில் உள்ள சலிப்பையும் அதில் உள்ள இன்பத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒருவருக்குச் சலிப்பை மட்டும் கொடுப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். நம் அமைப்புகளை அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். மைக், மாலை, பேட்டி எல்லாம் சிலருக்கு. மனு தட்டச்சு, பந்தல் வாடகை, தாலுகா ஆபீஸ் அலைச்சல் எல்லாம் சிலருக்கு. இரண்டாம் வகை ஆட்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள். வேலை கூடியதால் மட்டும் போகவில்லை, வெறும் சலிப்பு மட்டுமே அவர்கள் பங்குக்கு வந்ததால் போகிறார்கள்.

இதே மதுரையில் உருப்படியான ஒரு பழக்கம் பதினைந்து வருஷமாக நம் கண் முன்னாலேயே இருக்கிறது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை கிளம்பி, ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்து நின்ற காலத்தையொட்டி 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஏதாவது ஒரு குன்றுக்குப் போவது. கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, திருவாதவூர் என்று. தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலம் கல்வெட்டைக் காட்டி விளக்குவார். அப்புறம் மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து காலைச் சாப்பாடு. குழந்தைகள் பாறையில் ஏறிச் சறுக்கும். முடிந்தது, அவரவர் வீட்டுக்கு.

அந்த நடையை யாரும் மனநலத் திட்டம் என்று விளம்பரம் செய்யவில்லை. அதில் நான் பார்த்தது இது. எதை இழக்கப்போகிறோம் என்ற பயம் போனில் இருக்கிறது, எது இன்னும் இருக்கிறது என்ற தெம்பு பாறையில் இருக்கிறது. பருவநிலைச் செய்திகளை வாசித்துக்கொண்டே இருப்பவனுக்கு உலகம் ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும். அரிட்டாபட்டியில் ஏறி, ராஜாளி ஒன்று பாறை முகட்டிலிருந்து எழும்புவதைப் பார்த்தவனுக்கு இன்றைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். டங்ஸ்டன் செய்தி வந்தபோது மதுரை நகரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அரிட்டாபட்டி வரைபடத்தில் பார்த்த ஊர் இல்லை, காலால் தெரிந்த ஊர். காக்கிற இடத்துக்கு மாதம் ஒருமுறையாவது கோஷம் இல்லாமல், பேனர் இல்லாமல், சும்மா போய்விட்டு வருவதை எல்லாக் குழுக்களும் கட்டாயமாக்க வேண்டும். பத்திரிகைக்காரரைக் கூப்பிட வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம்.

சாப்பாட்டைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போராட்டப் பந்தலில் ஆண்கள் மைக்கில், பெண்கள் அடுப்பில். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற தோழருக்குச் சாப்பாடு மூடிவைக்கப்பட்டிருக்கும். அதே கூட்டத்துக்கு வந்த தோழியர் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்ப்பார். "தன் உடம்பைக்கூடப் பார்க்காம உழைச்சாரு" என்றோமே, அந்த உடம்பை யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் பெயர் இரங்கல் கூட்டத்தில் வராது. சமையல் முறையில் ஆண்கள் பெயரும் நோட்டில் ஏற வேண்டும், மாட்டுக்குத் தண்ணி காட்டும் முறையில் பக்கத்து வீட்டார் பெயரும் ஏற வேண்டும். அது நடந்தால் அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஸ்லைடு தேவைப்படாது. அப்புறம், டீயும் வடையும் சாப்பாடு இல்லை. நாலு டீ, ரெண்டு வடை, அரை பாக்கெட் சிகரெட் என்று ஓடிய எத்தனை பேருக்கு ஐம்பது வயதுக்குள் நெஞ்சில் ஸ்டென்ட் என்று எண்ணினால் என் இரண்டு கை விரல் போதாது.

மதுரை வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆர்ப்பாட்டம் வைத்து, பூமி சூடாகிறது என்று பேசுகிறோம். காலை ஏழுக்கு வையுங்கள், சாயங்காலம் ஐந்துக்கு வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் தோது. பகலில் பெட்டிசன் கொடுக்கப் போகிறவருக்கு அரை நாள் கூலியும் பஸ் காசும் பொது உண்டியலிலிருந்து போக வேண்டும். கடன் வாங்கிப் போராடுகிறவன் வட்டிக்காரன் போனுக்கும் சேர்த்துத்தான் திடுக்கிடுகிறான்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல் குழுவில் எதையும் போடக் கூடாது. உண்மையிலேயே அவசரம் என்றால், புல்டோசர் வந்து நிற்கிறது என்றால், போன் செய்யுங்கள். ஒன்பது நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அவசரம் இல்லை.

இதைப் படிக்கிற சிலர் இந்நேரம் முகம் சுளித்திருப்பார்கள். தெரியும். 2025 ஜனவரி 17 அன்று, டங்ஸ்டன் ரத்தாவதற்கு ஆறு நாள் முன்னால், புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கத்தில் கல்குவாரி முறைகேடுகளுக்கு எதிராகப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குவாரி தரப்பினர் கைதானார்கள். தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும் லாரியைத் தடுத்திருக்குமா? தடுக்காது. எந்தப் பயிலரங்கும் தடுத்திருக்காது. அதற்குக் காவல்துறை வேண்டும், நீதிமன்றம் வேண்டும், கூட்டமாக நிற்கும் ஊர் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். புகார் மனுவில் ஒரே ஒரு பெயர் இருக்கும்போது, அந்த ஒரு பெயரை நீக்கினால் போதும் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போடுகிறது. மனுவில் நாற்பது கையெழுத்து, தாலுகா ஆபீசுக்கு எப்போதும் இரண்டு பேர், வீட்டுக்குத் திரும்பியதும் ஒருவருக்குத் தகவல். இதுவும் அன்றாடப் பழக்கம்தான். உயிரையும் மனசையும் காப்பவை இரண்டு தனிப் பட்டியல்கள் இல்லை. இரண்டிலும் முதல் வரி 'தனியாக விடாதே' என்பதுதான்.

இன்னொரு மறுப்பு, ஓய்வு என்பது நடுத்தர வர்க்கத்து ஆடம்பரம் என்பது. இதைச் சொல்கிறவர்கள் வயக்காட்டில் வேலை பார்த்திருக்க வாய்ப்பில்லை. நாத்து நடுகிற பெண்கள் பத்து மணிக்குக் கரையேறித் தூக்குச்சட்டியைத் திறக்காமல் எந்த மிராசுதாரும் வேலை வாங்கியதில்லை. உழுகிற மாட்டை வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். ஜனவரி 7 பேரணி முடிந்த அடுத்த வாரம் பொங்கல். அந்த ஊர்களில் போராட்டம் நடக்கிறது என்று யாரும் மாட்டுப் பொங்கலை நிறுத்தவில்லை. ஓய்வெடுக்க வெட்கப்படுவது நகரத்தில் படித்த தோழர்களின் வியாதி, கிராமத்து ஆட்களுக்கு அதை நாம்தான் தொற்றவைத்தோம்.

மேலூர்ச் சூழல் வரலாற்றில் பேர்போன ஒரே ஒரு இரவு உண்டு. 2015 செப்டம்பரில் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க உயர் நீதிமன்றம் நியமித்த சட்ட ஆணையர் உ. சகாயம், நரபலிப் புகார் சொல்லப்பட்ட இடத்தைக் காக்கச் சின்னமலம்பட்டி மயானத்தில் ராத்திரியைக் கழித்தார். தமிழ்நாடே பேசியது. அந்த ராத்திரியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் கலெக்டராக இருந்து கிரானைட் அறிக்கை அனுப்பிய 2012-லிருந்து இன்றுவரை வாய்தா வாய்தாவாக இழுக்கும் வழக்குகளுக்குச் சத்தமில்லாமல் போய்வருகிற சாட்சிகளை நினைவில் வைத்திருக்கிறோமா? ஒரு ராத்திரி கண்விழிக்க வீரம் போதும். பன்னிரண்டு வருஷம் வாய்தாவுக்குப் போய்வர வேறு ஏதோ வேண்டும்.

2010-ல் யானைமலை, 2012-ல் கிரானைட், 2024-ல் டங்ஸ்டன். மூன்றிலும் கூட்டத்தில் கிட்டத்தட்ட ஒரே முகங்கள், நரை மட்டும் கூடியிருக்கிறது. இளைஞர்கள் வருகிறார்கள், ஒரு போராட்டத்தோடு போய்விடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லை என்று டீக்கடையில் பேசி ஆற்றிக்கொள்கிறோம். பருவநிலை விஷயம் 77 நாளில் முடிவது இல்லை. இப்போது இருபது வயதுக்காரருக்கு எழுபது வயதிலும் வேலை இருக்கும். அந்த ஐம்பது வருஷத்துக்குத் தேவையான நோட்டு நம் அமைப்புகளில் எதிலாவது இருக்கிறதா? அந்தத் தம்பியிடம் இன்றைக்குப் போய், "நீ திரும்பி வா, உனக்குச் செவ்வாயும் சனியும் மட்டும்தான், மிச்ச நாளுக்கு ஆள் இருக்கு" என்று சொல்ல முடியுமா? நான் கேட்டுப் பார்த்தவரை எந்தக் குழுவாலும் சொல்ல முடியவில்லை.

இதில் உடன்படாதவர்கள் எழுதுங்கள், பதில் போடுகிறேன். வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் மட்டும் ராத்திரி ஒன்பதுக்குள் அனுப்பிவிடுங்கள்.